பார்லி வயலுக்குள் ஒரு பொதுப்பாதை

ஊரில் இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். இங்கிலாந்தில் சொந்த வீடும் காரும் வைத்திருக்கிற மனிதர்கள், லீவு கிடைத்ததும் கிராமத்துப் பக்கம் போய், அடுக்குக் கட்டில் போட்ட அறையில் முன்பின் தெரியாதவர்களோடு படுத்து, சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவி வைத்துவிட்டு, பகல் முழுக்கச் சேற்றில் நடக்கிறார்கள். வேலைக்காக அல்ல, யாரையும் பார்க்கவும் அல்ல, சும்மா. அதற்குப் பணம் வேறு கட்டுகிறார்கள். அப்படித் தங்கும் இடத்துக்கு ஹாஸ்டல் என்று பெயர். வாசலை ஒட்டி டிரையிங் ரூம் என்று ஒரு சூடான சின்ன அறை இருக்கும். நனைந்த பூட்ஸைக் கழற்றி அங்கே காயவைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். 'தயவுசெய்து காலணிகளைக் கழற்றவும்' என்று கதவில் எழுதியிருந்ததை முதல்முறை படித்தபோது எனக்கு முகம் சூடாகிவிட்டது. எங்கள் ஊரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய தெரு ஒன்று இருந்தது. இங்கே டாக்டரும் வக்கீலும் ஓட்டை சாக்ஸோடு நிற்பதைப் பார்த்த பிறகுதான் கழற்றினேன். அப்போதும் எல்லாரும் கழற்றட்டும் என்று காத்திருந்து கடைசியாகத்தான் கழற்றினேன்.

நான் பர்மிங்ஹாமில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தனியாகத்தான் இருக்கிறேன். பாபநாசத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் தெரு வரும். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஒரு தலைவர் பெயர் உண்டு. ஊர் வாயில் அது இன்னும் காலனிதான். "வாக்கிங் ஹாலிடே போகிறேன்" என்று அம்மாவிடம் சொன்னபோது, "ஏன்டி, அங்க பஸ்ஸு இல்லையா?" என்றாள். இருக்கிறது என்றேன். "அப்ப எதுக்கு நடக்குற? நானெல்லாம் நடந்தது போதாதா?" என்றாள்.

இந்த ஜூலையில் ஷ்ராப்ஷயர் பக்கம் ஒரு ஹாஸ்டலில் ஒரு வாரம் தங்கினேன். அங்கிருந்து தினமும் ஒரு திசையில் நடை. முதல் நாள் அங்கே தங்கியிருந்தவர்களின் கூட்டத்தோடு போகாமல் தனியாகக் கிளம்பினேன். பாதை நேராக ஒரு பார்லி வயலுக்குள் இறங்கியது. ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகவில்லை. நட்ட நடு வயலில், இடுப்பளவு கதிருக்கு நடுவே, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு வகிடு எடுத்தது போலப் பாதை. முக்கால் பங்கு கடந்திருப்பேன். எதிரே வயலின் சொந்தக்காரர் வந்தார். பச்சை ரப்பர் பூட்ஸ், பின்னால் ஒரு நாய். சொந்தக்காரர் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, நடையிலேயே தெரியும். அவரைக் கண்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பாதையை விட்டு பார்லிக்குள் இறங்கி, தலையைக் குனிந்து, அவர் கடந்துபோகட்டும் என்று நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. கால் தானாக இறங்கிவிட்டது.

அவர் கடந்து போகவில்லை. நின்று, என் காலடியில் மடிந்து கிடந்த கதிரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "பாதை அங்க இருக்கு. ஏன் பயிருக்குள்ள நிக்கிறீங்க?" என்றார். "உங்களுக்கு வழி விட்டேன்" என்றேன். "எனக்கு எதுக்கு வழி? இது பப்ளிக் ஃபுட்பாத். பாதையில நிக்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு. பயிருக்குள்ள நிக்க ஓர் உரிமையும் இல்ல. தயவுசெஞ்சு மேல ஏறுங்க." நான் ஏறினேன். பிறகு அவர்தான் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கதிரையும் மிதிக்காமல், என்னை உரசாமல் கடந்து போனார். திட்டு வாங்கிய ஆத்திரம் வேறு, அவர் சொன்னது அத்தனையும் நியாயமாக இருந்த ஆத்திரம் வேறு. இரண்டையும் சுமந்துகொண்டு மிச்ச வயலைக் கடந்தேன்.

நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா வரப்பில் போவாள். கட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் அவள் காதோரம் ஒழுகும். பின்னால் நான். எதிரே மிராசு வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால், தலைச்சுமையோடு அம்மா வயலுக்குள் இறங்கி முழங்கால் சேற்றில் நிற்பாள். அம்மா இறங்குவதற்கு முன்பே நான் இறங்கியிருப்பேன். இறங்கு என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. அதன்பிறகு நான் பட்டம் வாங்கி, விமானம் ஏறி, இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டேன். இந்தக் காலுக்கு மட்டும் அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மதியம் ஹாஸ்டலுக்குத் திரும்பி, பொதுச் சமையலறையில் டீ போட்டுக்கொண்டு இதைச் சிரிப்பாகவே ஜூடித்திடம் சொன்னேன். ஜூடித் ஓய்வுபெற்ற பூகோள டீச்சர், என் அறையில் கீழ்க்கட்டில்காரி. பாதைகளைக் காப்பாற்றுவதற்கென்றே நடக்கிறவள். வரைபடத்தில் பாதை இருந்தால் போதும், விவசாயி உழுதுபோட்டாலும் மறுபடி அவரே திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கவுன்சில் திறக்க வைக்கும் என்றாள். வழிநடை உரிமைக்கு அவர்கள் வைத்திருக்கிற "ரைட் ஆஃப் வே" என்ற சொல்லை அவள் சாமி பெயர் மாதிரி உச்சரித்தாள். நான் ஏன் கீழே இறங்கினேன் என்பது மட்டும் அவளுக்குப் புரியவே இல்லை. "நீ ரொம்ப மரியாதை தெரிந்த பெண்" என்றாள்.

அந்த டீ ஆறுவதற்குள் தம்பி செல்வம் ஊரிலிருந்து கூப்பிட்டான். சித்தப்பா போய்விட்டார். மாடு கட்டப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அழுகைக்கு நடுவே அவன் சொன்ன அடுத்த வார்த்தை, "நடவு முடிஞ்சு பயிர் நிக்குதுக்கா" என்பது. வெளியாருக்கு இது சம்பந்தமில்லாத பேச்சாகத் தோன்றும். எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு அதிலேயே எல்லாம் விளங்கிவிடும்.

எங்கள் இடுகாடு மிராசு வீட்டு வயல்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்கு ஒரு வண்டிப்பாதை இருந்தது. சர்வே படத்தில் இன்றும் இருக்கிறது. வயலில் இல்லை, வரப்பை வெட்டி வெட்டி உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அறுப்பு முடிந்து தரை காய்ந்திருந்தால் எப்படியும் போய்விடலாம். பயிர் நின்றால் வாய்க்காலில் இறங்கி, தண்ணீருக்குள்தான் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். அதனால் எங்கள் தெருவில் வயதானவர்களை வாழ்த்தும் முறையே வேறு. நூறு வயது இருங்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம். "கோடையில போய்ச் சேரணும்" என்போம். அப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் போனது ஐப்பசி அடைமழையில். அன்று வாய்க்காலில் மார்பளவு தண்ணீர். முன்பக்கம் பிடித்திருந்த சித்தப்பா பாடையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடியே போனாராம். திரும்பி வந்து, தோள் நடுங்க உட்கார்ந்து, "அண்ணன நனையாமக் கொண்டுபோய்ச் சேத்துட்டேன்" என்றார். அன்றிலிருந்து தாலுகா ஆபீஸில் வருஷா வருஷம் நடக்கும் ஒவ்வொரு ஜமாபந்திக்கும் அந்தப் பாதையைக் கேட்டு மனு கொடுத்தது அவர்தான். இப்போது அவரை எந்த வழியில் கொண்டுபோவது என்பதுதான் செல்வத்தின் கேள்வி.

டிக்கெட் எடுத்தாலும் அடக்கத்துக்குள் நான் போய்ச் சேர முடியாது. "நீயாவது பேசிப்பாருக்கா. லண்டன்லேருந்து பேசுறேன்னு சொன்னா மதிப்பாங்க" என்று செல்வம் ஓர் அதிகாரியின் நம்பரைக் கொடுத்தான். பர்மிங்ஹாம் என்று திருத்தவில்லை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "படத்துல பாதை இருக்கும்மா, இல்லங்கல. ஆனா பயிர் நிக்குது பாருங்க. பயிரழிச்சா சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும். அறுப்பு முடியட்டும், அளந்து விட்டுடலாம்."

"அறுப்பு வரைக்கும் சித்தப்பாவ வீட்டுலயே வச்சிருக்கச் சொல்றீங்களா சார்?" என்றேன்.

"நீங்க படிச்சவங்க. உணர்ச்சிவசப்படக் கூடாது" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்த நேரத்தில் செல்வத்தின் மனைவி கலா வீடியோ காலில் வந்தாள். செல்வம் முன்பக்கத் தோள் கொடுத்திருந்தான். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். ஆகவே தெருமுனையில் நிற்கும் பெண்கள் பார்க்கிறதையே நானும் பார்த்தேன். பறை முழக்கம் வாய்க்கால் கரையோடு நின்றது. ஆண்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கி மறைந்தார்கள். மேட்டூர் திறந்த புதுத்தண்ணீர், கரை தொட்டு ஓடியது. பச்சைப் பயிருக்கு மேலே பூப்பாடை மட்டும் ஆளில்லாமல் தானாக நகர்ந்து போவது போலத் தெரிந்தது. நடுவில் ஒருமுறை அது சாய்ந்தது. கலா "ஐயோ" என்று போனைத் தாழ்த்திவிட்டாள். வரப்பில் குடை பிடித்து நின்ற மிராசு வீட்டுக் காரியக்காரரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "பயிர மிதிக்காமப் போங்கடா!"

கலா மறுபடி போனை உயர்த்தியபோது என் தோளுக்குப் பின்னாலிருந்து ஜூடித் எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு அழகு! ஏதாவது திருவிழாவா?" என்றாள். என் சித்தப்பாவின் அடக்கம் என்றேன். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான ஈரத்தோடு, "தண்ணீர் வழியாகப் போவது எவ்வளவு அமைதியான வழக்கம்" என்றாள். நல்லவள்தான். அந்தக் கணத்தில் அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. இது வழக்கம் அல்ல, வழி இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். "கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போட்டீர்களா?" என்றாள். நான் எழுந்துபோய்க் குழாயடியில் நின்று, ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவினேன். அன்று நான் எங்கும் நடக்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை அம்மா பேசினாள். அழவில்லை. அழுது முடித்த குரல்.

"சித்தப்பா நனைஞ்சிட்டாருடி. பாதி வழியில செல்வத்துக்குக் கால் வழுக்கிடுச்சு. புள்ள ராத்திரியெல்லாம் சோறு திங்கல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.

"நான் உங்களுக்கு அந்தச் சிரமம் வைக்க மாட்டேன். பங்குனி கடைசி, இல்ல சித்திர. உளுந்து பறிச்சு வயலெல்லாம் காஞ்சு கெடக்கும். அப்பப் போயிடுறேன்." ரயிலுக்கு முன்பதிவு செய்கிற மாதிரி சொன்னாள். பிறகு திடீரென்று கேட்டாள். "நீ அங்க அடுத்தவன் வயலுக்குள்ள நடக்குறேன்னியே, ஒண்ணும் சொல்ல மாட்டானா?"

"மாட்டாங்கம்மா. பாதை எல்லாருக்கும் பொது."

"பயிர் நிக்கும்போதுமா?"

"பயிர் நிக்கும்போதும்தான்."

"அப்ப நீ எந்த மாசத்துல வேணும்னாலும் சாவலாம்" என்றாள். பொறாமையா, நிம்மதியா, எனக்குத் தெரியவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. "சரி, வழி இருக்கு. தூக்க நாலு பேரு இருக்காங்களா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஹாஸ்டல் வாசலில் பூட்ஸும் முதுகுப்பையுமாக, நடைக்கு நான் வருவேன் என்று நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஜூடித் கையசைத்தாள். மற்ற மூவரின் பெயரும் எனக்குத் தெரியாது.