பூண்டு வண்டியில் என் மனைவியின் குரல்

போன வாரம் வெள்ளிமலையில் ஒரு டீக்கடை. என் மனைவி அமுதா சூடான போண்டாவைக் கடித்துவிட்டு, வாயைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில், ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் அவள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்!

"தாய்மார்களே... உங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது பூண்டு. நல்ல மலைப்பூண்டு..."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கையில் மிச்சமிருந்த போண்டாவைப் பார்த்தாள்.

வளைவில் ஒரு மினி வேன் திரும்பியது. கூரையில் குழாய் ஸ்பீக்கர். பின்னால் மூட்டை மூட்டையாகப் பூண்டு. குரல் சத்தியமாக அமுதாவுடையது. ஆனால் இப்போதைய குரல் இல்லை, ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த குரல். அதைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! ஆமாம், கண் கலங்கிவிட்டது. கட்டின பெண்டாட்டி குரலுக்குக் கலங்காமல் வேறு எதற்குக் கலங்குவது?

நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிப் பிழைப்பவன். அமுதா பேசிப் பிழைத்தவள். கள்ளக்குறிச்சியில் ஆட்டோவிலும் வேனிலும் சுற்றுகிற விளம்பரங்கள் இருக்கின்றன இல்லையா... ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் திருவிழா, டியூஷன் சென்டர், வெங்காய வண்டி? அதற்கெல்லாம் நான் வரி எழுதுவேன், அவள் குரல் கொடுப்பாள். நாங்கள் யாரிடமும் வேலைக்கு இல்லை, எங்களிடமும் யாரும் வேலைக்கு இல்லை. நாகரிகமாகச் சொன்னால் ஃப்ரீலான்ஸ்.

இதை என் மாமனாருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! வடக்கனந்தலில் கரும்பு போடுகிற மனுஷர்.

"நெலமும் இல்ல, கடையும் இல்ல, ஆபீசும் இல்ல. ரெண்டு பேரும் இன்னாதான் பண்றீங்க மாப்ள?"

"பேசறோம் மாமா. அதுக்குக் காசு குடுக்கறாங்க."

"பேசறதுக்கா? உங்க அத்த காலைலேர்ந்து பேசிக்கினுதான் இருக்கா. எவன் குட்த்தான்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

எங்களுக்கு ஸ்டூடியோ எல்லாம் கிடையாது. தெரிந்தவர் ஒருவரின் அரிசி மண்டி குடோன்தான் ஸ்டூடியோ. மூட்டைகளைச் சுற்றி அடுக்கி, நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, மைக்கை வைத்துவிடுவோம். அரிசி மூட்டை எதிரொலியை அப்படியே குடித்துவிடும், தெரியுமா? பஸ் ஹாரன் அடித்தால் நிறுத்துவோம். லோடு ஏற்ற ஆள் வந்தால் நிறுத்துவோம். அமுதா தும்மினால் நிறுத்துவோம். தவிட்டுத் தூசு மூக்கில் ஏறினால் யார்தான் தும்ம மாட்டார்கள்? மூக்கெல்லாம் சிவந்துபோய், கண்ணில் தண்ணீர் வழிய, பட்டுப்புடவைக்கு ஆடித் தள்ளுபடி என்று குழைவாள் பாருங்கள்... கேட்கிறவர்கள் யாரோ ராணி பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள். நான் வேர்த்து ஒழுகியபடி ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருப்பேன். வாழ்க்கையில் அதைவிட சந்தோஷமாக நான் இருந்ததில்லை. உட்கார ஒரு நல்ல நாற்காலிகூட அங்கே இல்லை என்பது வேறு விஷயம்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் எங்களுக்குத் தீபாவளி. ஒருமுறை ஒரே வார்டில் மூன்று வேட்பாளர்கள். பூட்டு சாவி, ஆட்டோ, சீப்பு. மூன்று பேருமே எங்களிடம் வந்தார்கள். மூவருக்கும் பேசினாள். ஒருநாள் ஒரு முச்சந்தியில் மூன்று பிரசார வண்டிகளும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டன. மூன்று ஸ்பீக்கரிலும் அமுதா! 'சீப்புக்குப் போடுங்கள்' என்கிறாள். 'பூட்டு சாவியை மறந்துவிடாதீர்கள்' என்கிறாள். அங்கே மாடு பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் கேட்டாராம்: "இந்தப் பொண்ணு ஓட்ட எதுல போடும்?"

தேர்தல்காரர்களிடம் மட்டும் முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுவோம். தோற்றவர் போனை எடுக்க மாட்டார். ஜெயித்தவர் சுத்தமாக எடுக்க மாட்டார்.

ஆனால் எங்களை வாழவைத்தது தேர்தலும் இல்லை, ஜவுளிக்கடையும் இல்லை. வெங்காயமும் பூண்டும்தான்.

அது அமுதாவின் மூளை. காய்கறி வண்டிக்காரர்கள் வந்தால் எல்லாவற்றையும் பேசுவாள், விலையை மட்டும் பேச மாட்டாள். "கிலோ..." என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "ரூபாய் மட்டுமே" என்று முடிப்பாள். விலையைத் தனியாகப் பேசித் தருவாள். அதை நான் அந்த இடைவெளியில் ஒட்டுவேன். வெங்காயம் விலை ஒரே இடத்தில் நிற்கிற சரக்கா? ஏறும், இறங்கும். மாறும்போதெல்லாம் அவர்கள் எங்களிடம் வந்தாக வேண்டும். வந்தால் ஒரு சின்னக் கூலி. முதல் பதிவுக்கான கூலி வீட்டு வாடகைக்குப் போய்விடும். பால், மளிகை, பையனின் ஸ்கூல் பீஸ் எல்லாம் ஓடியது இந்தச் சின்னக் கூலியில்தான்.

சொந்தமாகக் கலைத்தொழில் செய்கிற தம்பி தங்கைகள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய ஆர்டர் பெருமைக்கு... திரும்பத் திரும்ப வருகிற சின்ன ஆர்டர்தான் சோற்றுக்கு.

இதில் ஒரு ஓட்டையும் இருந்தது. சரிபார்ப்பதற்காக, விலை ஒட்டாத மாதிரிப் பதிவை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். 'வூட்ல கேட்டுட்டு சொல்றேன் சார்' என்று வாங்கிக்கொண்டு போனவர்களில் சிலர் இன்னமும் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் அமுதாவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆபரேஷன். கட்டி போயிற்று, கூடவே குரலும். நரம்பு பாதித்துவிட்டது, இப்படி ஆவது உண்டு என்றார்கள். பேச முடிகிறது, ஆனால் உடைந்து உடைந்து, பாதி காற்றாக வருகிறது. மாதக்கணக்கில் பயிற்சி செய்தாள். இவ்வளவுதான் திரும்பியது. அன்றிலிருந்து அவள் மைக்கைத் தொடவில்லை. நான் ஒருமுறை சும்மா ஆரம்பித்தேன். "வேற பேச்சு பேசுங்க" என்று எழுந்து போய்விட்டாள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு குரலைத் தேடிப் போனார்கள். இப்போது செல்போனில் டைப் பண்ணினால் அதுவே பேசிவிடுகிறதே! குடும்பம் என் எழுத்தை நம்பி ஓடுகிறது. ஓடுகிறது என்பதை விட நொண்டுகிறது என்பதுதான் சரி. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவள் வீட்டில் வாய் மூடி உட்கார்ந்திருப்பதை எப்படித் தாங்குவது? அதனால்தான், நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழா என்ற சாக்கில் அவளை வெள்ளிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

போன இடத்தில் இந்த வேன்!

"கை வைத்தால் மணக்கும், வாணலியில் போட்டால் தெருவே மணக்கும். கிலோ..." என்று நிறுத்துகிறாள் அமுதா. உடனே ஸ்பீக்கரில் ஒரு கட்டைக் குரல்: "எரநூறு!" மறுபடி அமுதா, "ரூபாய் மட்டுமே!"

புரிந்துவிட்டதா? எங்களுடைய மாதிரிப் பதிவு! விலை ஒட்டாத இடைவெளியில் டிரைவரே மைக்கைப் பிடித்துக் கத்துகிறார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யோவ், நிறுத்துய்யா வண்டிய!"

"வேணாங்க... வுட்ருங்க" என்று அமுதா சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கேட்கிற ஆளா?

டிரைவர் தலையை நீட்டினார். பெயர் ஏழுமலை, ஊர் கருணாபுரம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. "எத்தினி கிலோ சார்?"

"கிலோ இல்லய்யா. இந்தக் குரல் எங்க கெடச்சுது?"

"பென்டிரைவ்ல இருக்குது சார். மச்சான் குட்த்தான். அவனுக்கு யாரு குட்த்தாங்கன்னு தெர்ல. ஏன் சார்? இது இல்லன்னா யாவாரமே படுத்துடும். நானே கத்திப் பாத்தேன், ஒருத்தர் வெளிய வர்ல. இந்தம்மா கூப்ட்டா அடுப்ப அணைச்சுட்டு ஓடியாறாங்க."

"அந்தம்மா இவங்கதான்" என்று அமுதாவைக் காட்டினேன்.

அமுதாவும் சொன்னாள். "ஆமாங்க... நான்தான் பேசுனேன்."

அந்த உடைந்த குரலைக் கேட்டதும் ஏழுமலை சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்து. "சும்மா இருங்க சார். காலங்காத்தால யாவார நேரத்துல தமாஷ் பண்ணிக்கினு..."

பூண்டு பொறுக்க வந்த பெண் ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். "அது சின்னப் பொண்ணுங்க. குரலக் கேட்டாவே தெர்ல?"

அமுதாவின் முகம் விழுந்துவிட்டது. பதிவைத் திருடியதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இதை எப்படி மன்னிப்பது? வேன் கதவைப் பிடித்து உலுக்கினேன். என்னென்னவோ கத்தினேன். அதெல்லாம் அச்சில் வராது.

அமுதா என்னைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். "அந்த ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்க" என்றாள் ஏழுமலையிடம்.

ரோட்டிலேயே நின்று பேச ஆரம்பித்தாள். தாய்மார்களே என்பதில் பாதி காற்றாகப் போய்விட்டது. பூண்டு என்பது கரகரத்தது. ஆனால் எங்கே தூக்க வேண்டுமோ அங்கே தூக்கினாள், எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்தாள். குடோனில் ஹெட்போன் வழியாக நான் கேட்ட அதே அளவு, அதே நிதானம்.

"வாணலியில் போட்டால் தெருவே மணக்கும். கிலோ..."

நிறுத்தினாள்.

"எரநூறு!" என்றார் ஏழுமலை.

தானாக வந்துவிட்டது மனுஷருக்கு. தினம் தினம் அந்த இடைவெளியில் கத்திக் கத்தி வாய்க்குப் பழகிப்போயிருக்கிறது. மைக்கைக்கூட அவர் எடுக்கவில்லை.

"ரூபாய் மட்டுமே" என்று முடித்தாள் அமுதா.

ஏழுமலை வண்டியை விட்டு இறங்கினார். "யக்கா... நெஜமாவே நீங்கதானாக்கா? தொண்டைக்கு இன்னாக்கா ஆச்சு?"

நேராகக் கேட்டுவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து மழையைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் பேசிவிட்டுப் போவார்கள். தொண்டையைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். நானும்தான். அமுதா அந்த ரோட்டில் நின்று, பூண்டு வண்டிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மயக்கம் தெளிந்து முதல் வார்த்தை பேசியபோது பக்கத்தில் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தாளாம். எனக்கே அது புதுச் செய்தி. பூண்டு பொறுக்க வந்த பெண், தன் நாத்தனாருக்கும் இப்படித்தான் ஆனது என்றாள். அமுதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தபா மைக்ல சொல்லேன்க்கா" என்று ஏழுமலை நீட்டினார்.

வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வாங்கினாள்! மைக்கில் மறுபடி முழுசாகச் சொன்னாள்.

உடனே கூட்டம் அலைமோதியது என்று எழுதினால் அது பொய். மேல் வீட்டிலிருந்து ஒரே ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "யாரது, எங்க சின்னம்மா கூப்புடுற மாதிரி இருக்குதே!" என்று இறங்கி வந்தார். அரைக் கிலோ வாங்கினார். ஏழுமலை அவசரமாகப் போனை எடுத்து, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்.

இத்தனை நாள் ஓட்டியதற்கு நஷ்டஈடு கேட்க நான் வாயைத் திறந்தேன். அமுதா முந்திக்கொண்டாள். "பழசுக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. இத ஓட்டு. வெல மாறுனா போன் பண்ணு, பேசி அனுப்பறேன். அப்பப்ப காசு குடு." ஏழுமலை தலையை ஆட்டி, ஒரு பை நிறையப் பூண்டும் கொடுத்தார். மலையிறங்குகிற பஸ் முழுக்கப் பூண்டு வாசனை. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டே வந்தார்.

நேற்று ஒரு போன். சின்னசேலம் பக்கத்தில் செக்கு எண்ணெய் வண்டி ஓட்டுபவராம், ஏழுமலையின் வண்டியில் கேட்டாராம். "உங்க வூட்டம்மா கரகரன்னு பேசுறாங்களே சார், அந்தக் குரல்தான் வேணும்" என்றார். போனை அமுதாவிடம் கொடுத்தேன். ரேட் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய ரேட்டை விட ஜாஸ்தி!

"ஏம்மா, குரல் கணீர்னு இருந்தப்பகூட நீ இவ்ளோ கேட்டதில்லயே?"

"அந்தக் குரல் ஊரெல்லாம் சும்மாவே கெடைக்குதுங்க. இது என்கிட்ட மட்டும்தான இருக்குது!"