பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை

தேயிலை விலை சரிந்து தோட்டங்களெல்லாம் தள்ளாடிய காலம் அது. நெல்லியாளம் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். மூன்று டிவிஷன்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மலை ஏறி இறங்க வேண்டும்.

அப்போது ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். தள்ளித் தள்ளி இருப்பவர்கள் கூட்டமாகப் பேசிப் பழக எந்த மாதிரிக் கருவி உதவும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. டிவிஷனுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று என்று வாக்கி டாக்கி மாதிரிப் பெட்டிகள் வைத்தாள். பொத்தானை அழுத்திப் பேசினால் எல்லாப் பெட்டியிலும் கேட்கும். ஒருவர் அழுத்தியிருக்கும்வரை மற்றவர் குறுக்கே பேச முடியாது. வேலை முடிந்து சாயங்காலம் பேசுவோம். எங்களை வேலை வாங்கும் கண்டக்டர் ஐயா ஆபீசில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். அதனால் சினிமா, குழம்பு, கோயில் திருவிழா என்று பேசிச் சிரித்துக் கலைந்துவிடுவோம்.

அந்த நேரம் பார்த்து, செலவைக் குறைக்க மறுநாளிலிருந்து பிள்ளைக்காம்பராவை மூடுவதாகச் சொன்னார்கள். நாங்கள் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. என் மகளுக்கு அப்போது தவழும் வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள யாருமில்லை. அவளைப் பார்ப்பதா, வேலையைப் பார்ப்பதா?

அன்று சாயங்காலம் பெட்டியை எடுத்தேன். "புள்ளைக்காம்பராவ மூடுனா, நாளைக்குக் காலைல நான் புள்ளையத் தூக்கிக்கிட்டுத்தான் பெரட்டுக்குப் பேர் குடுக்க வருவேன். கதவத் தொறக்குற வரைக்கும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகமாட்டேன். யார் யாரு வர்றீங்க?" என்றேன். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த ஆராய்ச்சிக்காரப் பெண் தடுப்பாளோ என்று பார்த்தேன். "பேசுங்கக்கா" என்றாள். மனசில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டுத்தான் விட்டேன்.

உடனே கண்டக்டர் ஐயாவின் குரல் வெடித்தது. "யாரும்மா அது? வேலை வேணுமா, வேணாமா?"

பதில் கேட்க அவர் பொத்தானை விட்டதுதான் தாமதம், மேல் டிவிஷன்காரி பிடித்துக்கொண்டாள். "நாங்களும் புள்ளைகளோட வர்றோம்!" அவள் விட்டதும் கீழ் டிவிஷன். அப்புறம் ஐயாவுக்குப் பேச இடமே கிடைக்கவில்லை.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் மூன்று பெரட்டுக்களத்திலும் ஒரே அழுகைச் சத்தம். குழந்தைகள்தான் அழுதன, நாங்கள் அழவில்லை. ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை. வெயில் ஏறுவதற்குள் பிள்ளைக்காம்பராவைத் திறந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் தன் ஆராய்ச்சியில் என்ன எழுதினாளோ, தெரியாது. "நீ ஒருத்தி பேசி என்ன ஆகப்போகிறது?" என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, பேசிப் பார்த்தவளுக்குத்தானே தெரியும்!