போலீஸ் வேலையும் ஒரு தலைப் புடைப்பும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ராஜபாளையத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றிருந்தேன். படிப்பில் நான் சுமார்தான். ஓட்டத்தில் மட்டும் சுற்றுவட்டாரத்தில் எவனும் என்னை முந்தியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

ஆனால் ஓடுவதை வைத்து என்ன பிழைப்பு? எங்கள் ஐயா பஞ்சாலை ஆபீசில் எனக்குக் கணக்கர் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். நாள் முழுக்க நாற்காலியில்! நினைத்தாலே கால் மரத்துப்போனது. போலீசில் சேர்ந்தால் பந்தயங்களுக்கு அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டு, ஐயாவிடம் மன்றாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினேன். தேறாவிட்டால் திங்கட்கிழமை ஆலைக்குப் போய்விட வேண்டும் என்பது பேச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் எடுத்தார்கள். முதலில் ஓட்டம். நான்தான் முதல். இரண்டாவதாக வந்தவன் அந்த ஊர்ப் பையன். வருஷா வருஷம் பந்தயத்தில் என்னிடம் தோற்பவன். பார்த்தால் முறைப்பான், ஒரு வார்த்தை பேசியதில்லை. உயரம் அளக்கும் வரிசையிலும் என் பின்னால் அவன்தான் நின்றான். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் அளந்தபோது போலீசுக்கு வேண்டிய உயரத்துக்கு ஒரு நூல் குறைவாக இருந்தேன். பயத்தில் யாரிடமாவது சொல்லித் தொலைப்போம் என்று அவனிடமே சொல்லிவிட்டேன்.

“அம்புட்டுத்தானா?” என்றவன், விரலை மடக்கி என் உச்சந்தலையில் விட்டான் பாருங்கள் ஒரு குட்டு! கண்ணில் பூச்சி பறந்தது. “ஏலே, கத்தாத. பொடச்சா ஒசரம் கூடும்ல” என்றான். இத்தனை வருஷத்துக் கடுப்பையும் சேர்த்துக் குட்டியிருப்பான் போல.

அளவுகோலை என் தலைமேல் இறக்கிய அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கையால் தடவிப் பார்த்து, “இது யார் வேலை?” என்றார். பின்னாலிருந்து குரல் வந்தது. “அய்யா, நான்தான் குட்டுனேன். இவன மாதிரி ஓடுதவன் ஒங்களுக்குக் கெடைக்க மாட்டான்.”

அடப்பாவி, இவனுக்கும் வேலை போய்விடுமே என்று பதறிப்போனேன். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனாலும் அளவு அளவுதான். என்னைத் தள்ளிவிட்டு அவனை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். பின்னாலேயே அவனும் வந்து என் பக்கத்தில் நின்றான். பிறகு, “எந்திரி, ஒங்க வீட்டுக்குப் போவம்” என்று என்னோடு கிளம்பிவிட்டான். வேலை கிடைத்த சேதியைத் தன் வீட்டில்கூட அவன் இன்னும் சொல்லவில்லை.

நேராக ஐயா முன்னால் போய் நின்றான். “மாமா, இவன ஆபீசுல உக்கார வச்சிராதிய. மெட்ராசுல டிரில் மாஸ்டருக்குப் படிப்பு இருக்காம். அதுக்கு அனுப்பி வைங்க.”

ஐயா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீ யாருப்பா?”

“இவன்ட்ட வருசா வருசம் தோக்குதவன். நெஞ்சு வெடிக்க ஓடியிருக்கேன் மாமா, ஒரு நாளும் இவனத் தொட முடியல. இவன் எம்புட்டு ஓடுவான்னு ஒங்களுக்குத் தெரியாது.”

ஐயா நான் ஓடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அம்மா இரண்டு பேருக்கும் இலை போட்டாள். அவன் கூச்சமே இல்லாமல் மறு சோறு வாங்கிச் சாப்பிட்டான். நாங்கள் கை கழுவ எழுந்தபோதுதான் ஐயா என்னைப் பார்த்து, “மெட்ராசுக்கு எப்பலே போகணும்?” என்றார்.

டிரில் மாஸ்டராகவே என் உத்தியோக காலம் முழுவதையும் மைதானத்தில் கழித்தேன். கைதட்டியவர்களும் பரிசு கொடுத்தவர்களும் நான் ஜெயித்ததை மட்டுமே பார்த்தார்கள். நான் ஓடுவதை வருஷக்கணக்காகப் பின்னாலிருந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான், நான் எதற்குப் பிறந்தவன் என்று அவனுக்குத்தான் தெரிந்திருந்தது.