பக்கத்து சீட்டுக்கு எட்டாத பிரேக்

வண்டி செய்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் நாலு பேர் ஓர் இடத்தில் கூடினால், கம்பெனி முதலாளி எதிரில் வந்து நின்றால் என்ன கேட்கலாம் என்று பேசியே பொழுதைப் போக்குவார்கள். அந்த மாடலை ஏன் நிறுத்தினாய், இந்த நிறத்தை ஏன் போடவில்லை என்பார்கள். இவர்களுக்கெல்லாம் முந்தியவள் நான். ஜப்பான்காரன் காலத்திலேயே என்னிடம் கேள்விகள் இருந்தன. கேட்டும் விட்டேன், அதுவும் முகத்துக்கு நேரே.

மலாயாவில் பெடாசிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால் வேலை மட்டும் எங்களுடையது, சொந்தக்காரன் கடல் தாண்டி இருந்தான். என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி டிரைவர். நான் பால் மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தேன். கல்யாணமான புதிதில், எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பெண்கள் புருஷன் சேலை வாங்கித் தருவானா என்று பார்த்தார்கள். நான் லோரியில் முன் சீட்டில் உட்கார வைப்பாரா என்று பார்த்தேன். இஞ்சின் சத்தத்தை வைத்தே அது எந்தக் கியரில் வருகிறது என்று மரத்தடியில் நின்றபடி சொல்லிவிடுவேன். அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார், ஆனால் வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், அவர் பின்னாலேயே பெட்ரோலும் போனது. சிரம்பானில் ஒரு சீனப் பட்டறையில் லோரிக்கு முதுகில் ஓர் இரும்பு டிரம்மை மாட்டிவிட்டார்கள். அதில் கரியைப் போட்டு மூட்டி, கைவிசிறியைச் சுற்றி ஊதினால் ஒரு புகை கிளம்பும். அந்தப் புகையைக் குழாய் வழியாகக் குடித்துத்தான் இஞ்சின் ஓடவேண்டும். அதுவும் ஓடியது, இருமிக்கொண்டே.

லோரியில் டிரைவரோடு கூட ஓர் ஆள் போவான், அவனைக் கெலிண்டான் என்போம். எங்கள் கெலிண்டானைச் சயாமில் ரயில் பாதை போட என்று முதல் கூட்டத்தோடு கொண்டுபோனார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் திரும்பவில்லை. மாற்று ஆள் இல்லாததால் நானே கெலிண்டான் ஆனேன். கரி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிமானம் இருந்தது. என் அப்பா சலவைக்காரர். இஸ்திரிப் பெட்டிக்குக் கொட்டாங்குச்சிக் கரிதான் போடுவார். அது பொறி தெறிக்காது, அனலும் நின்று எரியும். ரப்பர் மரக் கரி அப்படி இல்லை, குழாயில் பிசின் பிடிக்கும். அதனால் ஏற்றங்களுக்கென்று ஒரு சாக்குக் கொட்டாங்குச்சிக் கரியைத் தனியாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

என் கோபமெல்லாம் ஏற்றத்தில்தான் பிறந்தது. கரி வண்டி ஏற்றத்தில் அடிக்கடி நின்றுபோகும். நின்றதை மறுபடி கிளப்ப அவருக்கு ஒரு கை ஸ்டேரிங்கில் வேண்டும், ஒரு கை காற்று வால்வில் வேண்டும், ஒரு கால் கிளட்சில், ஒரு கால் முடுக்கியில். கை பிரேக்கை விடுவதற்கு மூன்றாவது கைக்கு எங்கே போவார்? அந்தப் பிரேக்கை அவருக்கு வலது பக்கம், கதவோரமாக வைத்திருந்தான் வண்டி செய்த புண்ணியவான். பக்கத்து சீட்டில் நான் சும்மா இரண்டு கையோடு உட்கார்ந்திருப்பேன், எனக்கு அது எட்டாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் கீழே குதித்து, பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, வண்டி நகர்ந்ததும் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து ஏறுவேன்.

"இத செஞ்சவன் மட்டும் என் கையில கெடச்சான், நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்" என்பேன் மூச்சு வாங்கிக்கொண்டு.

"கேளு புள்ள. அவன் நேரா நம்ம லயத்துக்குத்தான் வருவான்" என்பார் அவர்.

வந்தான்.

தோட்டத்துக்குப் புதிதாக ஒரு ஜப்பான் அதிகாரி வந்து, குன்றின்மேல் இருந்த துரை பங்களாவில் குடியேறினான். முதல் நாளே லோரியைப் பார்க்க வந்தவன், பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டான். குழாயில் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தான். டிரம்மைத் தட்டி, மலாயில் ஏதோ சொன்னான். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை 'ஓராங்'. ஓராங் என்றால் மலாயில் ஆட்கள். டிரம்மைக் காட்டி ஏன் ஆட்கள் என்கிறான் என்று யோசித்தேன், பிறகு பால் வெட்டப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து, மத்தியானம், கிராணி ஐயா வேர்த்து விறுவிறுத்து லயத்துக்கு வந்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் அவர்தான் அதிகாரியின் பேச்சை எங்களுக்கு எடுத்துச் சொல்பவர்.

"டிரைவரே, நாளைக்குக் காலைல லோரி நெறைய ஓராங் ஏத்திக்கிட்டு பங்களாவுக்கு வரணுமாம். வராட்டி டிரைவரே அடுத்த கூட்டத்துல சயாமுக்குப் போவணும்னு சொல்லிட்டாருலா."

லோரி நிறைய ஆட்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வெயில் சாய்வதற்குள் லயத்தில் ஆம்பளைகள் ஒருவர்கூட இல்லை. தோட்டத்துக்குப் பின்னால் இருந்த காட்டில் போய் ஒளிந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் போகவில்லை, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம ஆளுங்கள நானே ஏத்திக்கிட்டுப் போய்க் குடுக்கவா?" என்றார். "வெறும் வண்டியோட போறேன். என்னைய அனுப்புறதுன்னா அனுப்பட்டும்."

அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும், அப்போதும் அதுதான் வந்தது. அவரை அனுப்பிவிட்டு நான் எதற்கு இருப்பது என்று எண்ணியபோது, அதிகாரி டிரம்மைத் தட்டியது நினைவுக்கு வந்தது. கரிக்கு மலாயில் அராங். நேராகக் கிராணி ஐயாவின் வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, அவன் கேட்டது ஓராங்கா, அராங்கா?"

"எனக்கு மலாய் தெரியாதாம்மா? எத்தன வருசமாப் பேசுறேன்."

"ஒங்களுக்குத் தெரியும் ஐயா. அவனுக்குத் தெரியுமா?"

அதிகாரி சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சொன்னார். அது இரண்டுக்கும் நடுவில் இருந்தது, எந்தப் பக்கமும் சாயவில்லை.

"தப்பாப் போச்சுன்னா ஒம் புருசன் போயிருவாரும்மா" என்றார் மெதுவாக.

"சும்மா இருந்தாலும்தான் போயிருவாரு" என்றேன்.

மரவள்ளி நடுவதற்காகக் கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டிக் கரி சுட்டு, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். லயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, பொழுது இறங்குவதற்குள் அத்தனையையும் லோரியில் ஏற்றினோம். எங்கள் முகங்களைப் பார்த்து நாங்களே சிரித்தோம், கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "வெளையாடுறியா புள்ள? ஆளக் கேட்டவனுக்குக் கரியக் கொண்டுபோனா அறைஞ்சே கொன்னுருவான்" என்றார். ஆனால் ஒரு மூட்டையையும் இறக்கச் சொல்லவில்லை.

காலையில் புறப்பட்டோம். பங்களாவுக்கு ஏறும் பாதை தோட்டத்திலேயே மோசமான ஏற்றம். மேலே அதிகாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், பக்கத்தில் கிராணி ஐயா சாமி கும்பிடுகிற முகத்தோடு நின்றார். பாரம் அதிகம். பாதி ஏற்றத்தில் இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. பிரேக்குக்கு அடங்காமல் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. நான் குதித்தேன். கட்டை முதல் தடவை வழுக்கிவிட்டது, இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது.

இவ்வளவு கரியை வைத்துக்கொண்டு கரி இல்லாமல் நின்ற வண்டி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். டிரம்மைக் கிளறி, எனக்கென்று வைத்திருந்த கொட்டாங்குச்சிக் கரி முழுவதையும் கொட்டினேன். கைவிசிறியைச் சுற்றினேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அதிகாரி மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தான், நகரவில்லை. புகை வந்தது. என் வீட்டுக்காரர் இஞ்சினைக் கிளப்பினார். அது பிடித்த சத்தத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கட்டையைப் பிடுங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி, படிப்பலகையில் தொற்றினேன். லோரி நிற்காமல் உச்சிக்கு ஏறியது.

அதிகாரி பின்னால் வந்து ஒரு மூட்டையை அவிழ்த்தான். உள்ளே கையை விட்டு ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்தான். என் வீட்டுக்காரர் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், முதுகு மட்டும் விறைத்திருந்தது.

"ஓராங்" என்றான் அதிகாரி, கரித் துண்டைத் தூக்கிக் காட்டி. "பாகுஸ்."

பாகுஸ் என்றால் நல்லது. கிராணி ஐயா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறியது. சந்தோஷம் ஏறினாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. கட்டையைத் தரையில் வீசி, "இந்த லோரிய செஞ்சவன் எங்க இருக்கான்னு கேளுங்க ஐயா, எனக்கு அவனப் பாக்கணும்" என்றேன். கிராணி ஐயா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அதிகாரி, என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டான். வேறு வழியில்லாமல் அவர் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தான். பிறகு, ஜப்பானில் இருந்தபோது வண்டி செய்யும் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தவன் தான் என்றும், கேட்கவேண்டியதைத் தன்னிடம் கேட்கலாம் என்றும் சொன்னான். எங்கள் லோரி வெள்ளைக்காரன் செய்தது. எனக்கென்ன, வண்டி செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம்தான்.

"எங்க மரத்துப் பாலுலதான டயர் செய்றீங்க? ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு டயருக்கு நாங்க ஏன் அலையணும்?"

கிராணி ஐயா பாதி பயத்தோடு எடுத்துச் சொன்னார். டயர் வேறு கம்பெனி என்று பதில் வந்தது.

"முன்னால கைப்பிடியச் சுத்திக் கெளப்புனா அது திருப்பி அடிச்சு மணிக்கட்ட ஒடைக்குதே, அதுக்கு?"

பிடிக்கத் தெரியாதவர்கள் பிடித்தால் அப்படித்தான் என்றான். கம்பெனிக்காரன் பேச்சு எந்த ஊரிலும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவதைக் கேட்டேன். "கை பிரேக்க ஏன் டிரைவருக்கு அந்தப் பக்கம் ஒளிச்சு வச்சீங்க? பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்காளே, அவளுக்கு எட்டற மாதிரி வச்சா என்ன?"

அவன் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து, என் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கையை நீட்டினான். என் வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீட்டோடு ஒட்டிக்கொண்டார். அவர் வயிற்றைத் தாண்டியும் பிரேக் எட்டவில்லை. இறங்கி, ஓட்டுகிறவனை மட்டும்தான் நினைத்தோம் என்றான்.

அவனை நல்லவன் என்று சொல்ல வரவில்லை. எங்கள் கெலிண்டானைக் கொண்டுபோனவர்கள் போட்டிருந்த சட்டையைத்தான் அவனும் போட்டிருந்தான். ஆனால் கரி கொண்டுவர டிரைவர் வேண்டும் என்று என் வீட்டுக்காரரைக் கடைசிவரை சயாமுக்கு அனுப்பவில்லை. நாங்கள் கீழே இறங்கி வந்தபோது, காட்டிலிருந்து ஆம்பளைகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஹார்னைப் பிடித்து அழுத்தியவர் லயம் வரும்வரை விடவில்லை. அன்றைக்கு லயத்தில் வெறும் மரவள்ளிக் கிழங்குதான், ஆனால் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

வெகு காலம் கழித்து, சிரம்பானில் ரஹாங் பக்கம் குடியேறிய பிறகு, பழைய ஜப்பான் கார் ஒன்று வாங்கினோம். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தவள் அப்படியே அசந்துபோனேன். கை பிரேக் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்தது. கையை நீட்டினேன், எட்டியது.

"பாத்தீங்களா? நான் கேட்டேன்ல" என்றேன்.

"ஆமா, ஒனக்காகத்தான் மாத்தி வச்சிருக்கான்" என்றார் கேலியாக.

நான் சொல்லித்தான் வைத்தான் என்றே இன்றுவரை சொல்லி வருகிறேன். இல்லை என்கிற கம்பெனிக்காரன் நேரில் வரட்டும், மீதிக் கேள்விகளும் இருக்கின்றன.

இப்போது அவருக்குக் கண் சரியில்லை. லைசென்ஸ் எடுத்து நான்தான் ஓட்டுகிறேன். அம்பாங்கான் ஏற்றத்தில் சிவப்பு விளக்கு விழுந்தால், நான் சொல்லாமலே அவர் கை பிரேக்குக்குப் போய்விடும். சயாமுக்குப் போகாத கை. விளக்கு பச்சையானதும் நான் கிளட்சை விடுவேன், அவர் பிரேக்கை விடுவார். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் ஏறும்.