கிளென் கழிவறைக்குப் போன நேரம்

மார்சியா பின்னாக் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். உட்கார்ந்தே செய்கிற வேலை, ஆனால் அவள் கால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மாணவர்கள் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுவாள்.

"மிஸ், காரை நான் ஓட்டறேனா, நீங்க ஓட்டறீங்களா?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"நீ ஓட்டற மாதிரி உட்காந்திரு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

இதற்கு முன் இரண்டு கணவர்களோடு வாழ்ந்து பார்த்தாள். மருத்துவமனைச் சமையலறை, பேருந்து நிறுவனம், துணிக்கடை என்று வேலைகளும் மாறின. எதிலும் கால் பாவவில்லை. எதையோ பாதியில் விட்டுவந்தவள் போலவே இருந்தாள்.

கிளென் ஹார்ஸ்ஃபால் கூப்பிட்டபோது அவள் காரை ஓரங்கட்டிவிட்டு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். கிளென் பழைய டிஜே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மூடிப்போன கத்திப் பட்டறையின் மாடியில் நடந்த கிளப்பில் இரண்டு பேரும் சேர்ந்து சனிக்கிழமைதோறும் ஹவுஸ் என்கிற ஆட்ட இசை போட்டவர்கள். அங்கே ஆடியவர்களுக்கெல்லாம் இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கால் வலி, தூக்கம் கெட்டால் மறுநாள் தலைவலி. அதனால் பழைய ஆட்டங்களை மதியம் தொடங்கி இருட்டுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். அப்படியொன்றை வரும் சனிக்கிழமை நடத்துவது கிளென்தான்.

"மார்சி, அந்த இசைத்தட்டு இன்னும் உங்கிட்ட இருக்கா?"

"எந்தத் தட்டு?"

"தெரியாத மாதிரி கேக்காத. டிக்கெட் வாங்கற ஒவ்வொருத்தனும், கிளென், உன் பாட்டைக் கடைசில போடுவல்லன்னு உயிரை எடுக்கறான்."

"உன் பாட்டு."

"அவங்க அப்படித்தாம்மா சொல்றாங்க. நான் என்ன பண்றது?"

"நீ என்ன பண்ணுவ, பாவம்! வாய் ஊமையாச்சே."

கிளென் கெஞ்சலுக்கு இறங்கினான். "குடு. ஒரு தடவை போட்டுட்டுத் திருப்பித் தந்துடறேன்."

"தட்டைத் தரமாட்டேன். நான் வரேன். நான்தான் போடுவேன்."

"உன் கை இன்னும் பேசுமா? அவ்வளவு கூட்டத்துக்கு முன்னாடி?"

"உன் வாய் பேசினதைவிட நல்லாவே பேசும்."

அந்தப் பாட்டு எந்தத் தட்டிலும் தனியாக இல்லை என்பது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை கிளென் தன் தட்டு ஒன்றை ஓடவிட்டுவிட்டுக் கழிவறைக்குப் போனான். வெறும் தாளம்தான் அதில். உடன் நின்ற மார்சியாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தன் பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து, வேகத்தைத் துளித்துளியாகக் கூட்டி, ஒரு பெண்ணின் குரலை அந்தத் தாளத்தின் மேல் உட்காரவைத்தாள். கூடம் கத்திய கத்தலில் கிளென் பாதி பூட்டிய கால்சட்டையோடு ஓடிவந்தான். கூட்டம் அவனைப் பார்த்துக் கைகளைத் தூக்கியது. அவனும் தூக்கினான். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு வாராவாரம் அதே போல. அவள் குனிந்து இரண்டு தட்டையும் விரலால் பிடித்துக்கொண்டிருப்பாள், அவன் நிமிர்ந்து கைகளைத் தூக்கிக்கொண்டிருப்பான். விளம்பரத் துண்டுத்தாள்களில் அவன் பெயர் பெரிதாக இருக்கும். கீழே எறும்பு எழுத்தில் 'உடன் மார்சியா'.

கிளென் பொய் சொன்னதில்லை. உண்மையையும் சொன்னதில்லை. அவனே ஒருநாள் சொல்லிவிடுவான் என்று அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை தட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அவனால் அந்தத் தட்டைக் கடையில் தேடி வாங்கவும் முடியவில்லை. அந்தக் காலத்தில் நல்ல தட்டு கிடைத்தால் அதன் நடுவிலுள்ள காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார்கள். கழுத்தை நீட்டிப் பெயரைப் படித்துக்கொண்டு கடைக்கு ஓடுகிற போட்டி டிஜேக்கள் அத்தனை பேர் இருந்தார்கள். மார்சியாவும் தன் தட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு உரித்தாள்.

"சாமான் கழுவற எடத்துல இதென்னடி கூத்து?" என்றாள் அம்மா, பொரிக்க உருட்டிய மாவோடு.

"பேரு தெரியக்கூடாதும்மா."

"யாருக்கு?"

"யாருக்குமே."

அது நன்றாகவே பலித்தது. சில மாதங்களில் அந்தத் தட்டின் பெயர் அவளுக்கே மறந்துபோனது.

சனிக்கிழமை காலை அவள் அந்தத் தட்டை வீட்டில் தனியாகப் போட்டுக் கேட்டாள். ஒரு பெண் இரண்டே வரிகளைத் திரும்பத் திரும்பப் பாடினாள். எழுந்து ஆட அதில் எதுவுமில்லை. இத்தனை வருடம் என்னுடையது என்று நெஞ்சில் வைத்துப் பொருமியது இதைத்தானா? கிளெனின் தாளம் இல்லாமல் இது என்ன? இது இல்லாமல் அவனுடையது என்ன? கேள்விகளோடு உட்கார முடியாமல் இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டாள்.

கூடம் நிறைந்திருந்தது. வழுக்கைத் தலைகளும் வசதியான செருப்புகளுமாக வியர்த்து ஆடினார்கள். கடைசிப் பாட்டு நேரம் வந்ததும் கிளென் தாளத்தட்டைச் சுழலவிட்டு அவளுக்கு இடம் விட்டான். மார்சியா ஹெட்போனை ஒரு காதில் அழுத்தி, தட்டின் விளிம்பில் விரலை வைத்தாள். முதலில் தாளம் வழுக்கியது. கிளெனின் கை நீண்டது.

"தொடாத!" ஒரே அடியில் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

அடுத்த சுற்றில் இரண்டு தட்டின் தாளமும் ஒன்றாகச் சேர்ந்தது. தட்டில் பாடும் பெண்ணின் குரலை அவள் கூடத்துக்குத் திறந்துவிட்டாள். கூடம் கத்தியது. பிறகு, பழக்கம் விடாமல், "கிளென்! கிளென்!" என்றது. கிளெனின் கைகளும் பாதி உயரம் எழுந்து, அவளைப் பார்த்ததும் அங்கேயே நின்றன.

மைக் பக்கத்திலேயே இருந்தது. மார்சியா அதை எடுக்கவில்லை. தன் தட்டிலிருந்து ஊசியைத் தூக்கினாள்.

குரல் அறுந்தது. வெறும் தாளம் மட்டும் தடதடத்தது. ஆடியவர்கள் தடுமாறி நின்றார்கள். எங்கே போச்சு, என்னாச்சு என்று மேடையைப் பார்த்தார்கள். அங்கே கிளென் சும்மா நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு பெண் ஊசியைக் கையில் பிடித்திருந்தாள்.

"அது அவங்க போட்டதா?" முன்வரிசையில் ஒருத்தி கேட்டது மேடை வரை எட்டியது.

கிளென் கையை அவள் பக்கம் நீட்டினான். "அவதான்," என்றான் மைக் இல்லாமல். பிறகு மைக்கை எடுத்து, "எப்பவுமே அவதான். நான் பாத்ரூம்ல இருந்தேன்," என்றான்.

சிரிப்பு எழுந்தது. மார்சியா சிரிக்கவில்லை. ஹெட்போனில் மட்டும் கேட்டுச் சரிசெய்து கொண்டு, பிறகு ஒலியைத் திறப்பதுதான் முறை. அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். சேர்க்கிற வேலையை எல்லோரும் கேட்கட்டும் என்று, ஒலியை முழுதாகத் திறந்துவைத்தபடியே ஊசியை இறக்கினாள். குரலும் தாளமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கூடமெங்கும் அலங்கோலமாக ஓடின. யாரும் ஆடவில்லை, யாரும் முகம் சுளிக்கவுமில்லை. எல்லோரும் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தட்டை மெல்ல இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள்.