இரண்டு பிள்ளைகள்

எத்தனை பிள்ளைகள் என்று இத்தாலியின் பலெர்மோவில் யார் கேட்டாலும் இரண்டு என்பேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? சின்னவன் நான் பெற்றவன். பெரியவள் என் கணவரின் அண்ணன் மகள். ஷெல் விழுந்து அவளுடைய தாயும் தகப்பனும் ஒரே நாளில் போனபோது அவளுக்கு ஒன்றரை வயது. அன்றிலிருந்து என்னைத்தான் அம்மா என்றாள். எங்கள் மன்னாரில் இதற்கெல்லாம் யாரும் தத்துப் பத்திரம் எழுதுவதில்லை.

இருவரையும் தங்கையிடம் விட்டுவிட்டு, ஏஜென்சிக்காரன் இழுத்த இழுப்புக்கெல்லாம் போய், நானும் கணவரும் இங்கே வந்து சேர்ந்தோம். நான்கு வருடம் ஊரார் வீட்டுப் படிக்கட்டுகளைத் துடைத்தேன். முழங்கால் தேய்ந்த பிறகுதான் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, கிடைத்தது. இனிப் பிள்ளைகளைக் கூப்பிடலாம்.

தங்கை தொலைபேசியில் கேட்டாள். "அக்கா, பழைய பதிவெல்லாம் எரிஞ்சு போச்சு. பிறப்புப் பத்திரம் புதுசாத்தான் எடுக்கவேணும். அவளுக்கும் தாய் தகப்பனெண்டு உங்கட பேரையே போடட்டோ?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கென்ன விசரோ? செத்ததுகளின்ர பேரைக் கடதாசியிலையும் அழிக்கிறதோ?"

பெற்றவர்களின் பேரோடே வந்த அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, விசா பார்க்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவுக்குப் போனேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

"சட்டப்படி இவள் உங்கள் மகள் இல்லை, சிஞ்ஞோரா. பையன் மட்டும் வரலாம்," என்றார் அதிகாரி.

வளர்த்தவள் நான் என்று கத்தினேன். அவர் கெட்ட மனிதரும் இல்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

பஸ் தரிப்பில் கணவர் மெல்ல, "தங்கச்சி சொன்னபடி விட்டிருக்கலாம்," என்றார்.

"இப்ப ஒண்டும் கதையாதேங்கோ. எனக்குக் களைப்பாக் கிடக்கு."

மகளிடம் தொலைபேசியில் நானே சொன்னேன். "தம்பிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாதம்மா. மறந்து குடுத்திடாதேங்கோ," என்றாள். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஊரவர் ஒருவரின் கையைப் பிடித்தபடி மகன் வந்து இறங்கினான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்த வழியையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா அடுத்த பிளேனிலையோ வாறா?"

"ஓம் ராசா," என்றேன். அப்போது மட்டும் பொய் சுலபமாக வந்தது.