நாற்பது வீதம் மீதி

நேற்றுப் பின்னேரம் மேசைக்கு மேலே சுவரில் ஒரு பல்லி சொன்னது. டிக், டிக், டிக் என்று மூன்று தரம். வீட்டில் வேறு யாராவது இருந்திருந்தால் எந்தத் திசை, என்ன பலன் என்று பார்த்திருப்பார்கள். என் கையோ தானாக மேசைக்கு அடியில் போய்க் கணினிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தது. சுடுகிறதா, அதிர்கிறதா என்று. உள்ளே சுழல்கிற டிஸ்க் எதுவும் இப்போது இல்லை என்பது தொட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சிரிக்காதீர்கள். இது வேலணையில் பிடித்த வியாதி. யாழ்ப்பாணம் ரவுனில் ஆறு மாதம் ஹார்ட்வெயார் படித்துவிட்டு, பெயருக்குக் கீழே 'கணினிப் பொறியியலாளர்' என்று அட்டை அடித்துக்கொண்டு, அங்கே ஒரு வீடியோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அட்டையில் நூறு அடித்தேன். தொண்ணூற்றெட்டு இன்னும் இருக்கிறது.

அந்த ஸ்டூடியோவின் பின்னறைக்கு ஒரு மணம் உண்டு. சூடேறிய தூசியும் கடலுப்பும் கலந்த மணம். தீவுப்பக்கத்துக் காற்றுக்கு ஸ்குரூ ஆணி ஒரு வருடம் தாங்காது. டிஸ்க் என்ன செய்யும் பாவம். அதனால் எனக்கு அவற்றைச் சோதிப்பதில் பெரிய பிரியம். டிஸ்க்குக்குத் தன்னைத்தானே சோதிக்கத் தெரியும், நாங்கள் கட்டளை மட்டும் கொடுத்தால் போதும். சின்னச் சோதனை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய சோதனை முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரைக்கும் எல்லாவற்றையும் வாசித்துப் பார்க்கும், மணிக்கணக்காகும். கறுப்புத் திரையில் தொண்ணூறு வீதம் மீதி, எண்பது வீதம் மீதி என்று இறங்கிக்கொண்டே வரும். நான் கையைக் கட்டிக்கொண்டு பெரிய டொக்டர் மாதிரி நிற்பேன்.

"தம்பி, சோதிச்சது காணும், போய் அல்பத்தை ஒட்டும்" என்பார் முதலாளி.

எங்கள் பிழைப்பில் பாதி கலியாணவீடு, பாதி செத்தவீடு. செத்தவீட்டு வீடியோ என்றால் மற்ற ஊர்க்காரர் முகத்தைச் சுளிப்பார்கள். பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, தாய் தகப்பன் புங்குடுதீவில் கண்ணை மூடினால் வேறு என்ன வழி. அவர்களுக்குக் கிரியையை விட யார் யார் வந்தார்கள் என்பதுதான் முக்கியம். "சின்ன மாமி வந்தவவாம், வீடியோவிலை ஆளைக் காணேல்லை" என்று அங்கிருந்து போன் எடுத்துச் சண்டை பிடித்தவர்கள் உண்டு. ஆகவே பந்தலில் இருக்கிற ஒருவரையும் விடாமல் முகம் முகமாக எடுக்கச் சொல்லி முதலாளியின் உத்தரவு. பாடை வீட்டு வாசல் படலையைத் தாண்டிச் சுடலைக்குப் போகிற நடை கொஞ்சம் நீளம். சுமக்கிறவர்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று, அனுப்புகிற சீடியில் அந்தப் பகுதியை நான் வெட்டிவிடுவேன். வெட்டாத முழு வீடியோ டிஸ்க்கில் மட்டும் கிடக்கும்.

ஒரு காலமை இறுப்பிட்டியிலிருந்து ஓர் அக்கா தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறு மாதக் கர்ப்பம். கையில் புழுக்கொடியல் பை, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. புழுக்கொடியலின் அந்தக் காய்ந்த மணம் இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை. அவருடைய கணவர் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. படகு மட்டும் நெடுந்தீவுப் பக்கம் ஒதுங்கியது. முப்பத்தோராம் நாள் வருகிறது, நினைவு மலர் அடிக்கவேண்டும், படம் இல்லை.

ஒரு படம்கூட இல்லையா என்று கேட்டேன்.

"கலியாண அல்பம் வன்னியிலை விட்டிட்டு வந்தது. அடையாள அட்டையும் போனும் அவரின்ரை சேட்டுப் பையிலை. படம் எடுக்கக் கூப்பிட்டால் மனிசன் கிணத்தடிக்குப் போயிடுவார்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஆனால் செத்தவீடு எண்டால் முன்னுக்கு நிப்பார். போன வருசம் எங்கடை ஒழுங்கையிலை பெரியவர் ஒராள் மோசம் போக, பாடை தூக்கினவர். நீங்கள்தான் வீடியோ. பொம்பிளையள் நாங்கள் படலையோடை நிண்டிட்டம். அங்காலை நடந்தது உங்களிட்டை இருக்கும்தானே, தம்பி?"

எனக்கு அந்த மனிதரைக் கண்ட நினைவே இல்லை. அடையாளம் கேட்டேன். வலக்கைச் சின்ன விரல் பாதி இல்லை, வலைக்கயிறு இழுத்துப் போட்டது என்றார்.

மற்ற நாள் காலமை முதலாளி கலியாணவீட்டுக்குப் போய்விட்டார். நான் பழைய டிஸ்க்கைக் கொழுவித் தேடினேன். கொழுவியவுடனேயே பல்லி சொல்கிற மாதிரி ஒரு சத்தம். ஒரு கிழமையாக அப்படித்தான். வெட்டி எறிந்த அந்த நடையில், ஒழுங்கை திரும்புகிற முடக்கில், ஒருவர் தோள் மாற்றினார். பாடைக்கம்பைப் பிடித்த கையில் பாதி விரல். மனிதர் திரும்பிக் கமராவைக் கண்டார். இரண்டு மூச்சு நேரம் நேரே பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உடனே அக்காவின் தம்பிக்குப் போன் எடுத்தேன். "கண்டனான். அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." அந்தப் பக்கத்தில் அக்கா அழுகிற சத்தம் கேட்டது.

அந்த இடத்தைப் படமாக வெட்டி எடுக்க ஒரு நிமிடம் போதும். எடுக்கவில்லை. முதலில் அவர் நடப்பதை அக்கா பார்க்கட்டும், பிறகு அக்காவுக்குப் பிடித்த கணத்தில் நிறுத்தி எடுப்போம் என்று நினைத்தேன். நல்ல நினைப்புத்தான். இறுப்பிட்டியிலிருந்து பஸ் வர எப்படியும் ஒன்றரை மணித்தியாலம். டிஸ்க் வேறு சத்தம் போடுகிறது. என் புத்தியைப் பாருங்கள், சும்மா இருக்கிற நேரத்தில் அதற்கு என்ன நோய் என்று பார்ப்போம் என்று பெரிய சோதனையைப் போட்டுவிட்டேன்.

இந்தத் தொழிலில் இருக்கிற யாரையும் கேளுங்கள், முதலில் வேறு டிஸ்க்கில் கொப்பி எடு, பிறகு சோதி என்பார்கள். நெஞ்சுவருத்தக்காரனைப் பனை ஏறச் சொல்லிவிட்டுக் கீழே நின்று நாடி பார்க்கிற வேலை நான் செய்தது. அது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. வகுப்பில் சொன்னார்கள், நான் எழுதியும் வைத்திருந்தேன்.

அவர்கள் வந்தபோது ஐம்பது வீதம் மீதி. அக்கா நல்ல சேலை உடுத்து, தலை வாரி இழுத்து, பவுடர்கூடக் கொஞ்சம் பூசி வந்திருந்தார். கதிரையைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"இதென்ன தம்பி, ஐம்பது எண்டு கிடக்கு?"

"டிஸ்க்கைச் சோதிக்கிறன் அக்கா. கொஞ்சத்திலை முடிஞ்சிடும்."

"முடிய அவரைக் காட்டுவீரே?"

"ஓம்."

ஒரு கட்டளை கொடுத்திருந்தால் அது நின்றிருக்கும். பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. அக்கா இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தபடி இருந்தார். நாற்பது வந்தது. அதன்பிறகு அந்தச் சத்தம் விடாமல் வந்தது. வாசிக்க முடியவில்லை என்று ஒரு வரி விழுந்தது. கணினியைத் திரும்பப் போட்டேன். அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்றது.

டிஸ்க்கைக் கழற்றிப் பக்கத்துக் கடை ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்தேன். தட்டினேன். கவிழ்த்துப் பிடித்தேன். அடுத்த நாள் ரவுனுக்கும் கொண்டு ஓடினேன், ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பொய்யை அதற்கு முதலே, அந்தக் கதிரைக்கு முன்னால் நின்றே சொல்லி முடித்திருந்தேன். "ஏற்கனவே பழுது, அக்கா. தானாய் நிண்டிட்டுது."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை இத்தனை வருடம் சுமந்திருக்க மாட்டேன்.

"பரவாயில்லை. நீர் கண்டனீர்தானே. எப்பிடி இருந்தவர்?"

கண்டதைச் சொன்னேன். தோள் மாற்றியது, திரும்பியது, பார்த்தது. "மெலிஞ்சிருந்தவரே?" என்று கேட்டார். இல்லை என்றேன். போகும்போது புழுக்கொடியல் பை ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நினைவு மலரில், முகம் வரவேண்டிய வட்டத்துக்குள் ஒரு குத்துவிளக்குப் படம் போட்டு அடித்தோம். அதை வடிவமைத்தவனும் நான்தான்.

ஸ்டூடியோ பிறகு பூட்டுப்பட்டது, அந்த இடத்தில் இப்போது போன் கடை. டிஸ்க்குகள் எல்லாம் பழைய இரும்புக்காரனின் சாக்குக்குள் போயின. இப்படியானதைத் திறந்து வாசிக்கிற இடங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன என்று பிறகு அறிந்தேன். அறிந்து என்ன.

இந்த வருடம் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகக் குறிகட்டுவானில் படகு ஏறினேன். "தம்பி, என்னைத் தெரியுதே?" என்று ஒரு குரல். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, பதின்மூன்று வயது. "இந்த மாமாதான்" என்று அக்கா அவளிடம் சொன்னார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. வீட்டில் பல தரம் பேசிய கதையாக இருக்கவேண்டும்.

"அப்பாவைக் கடைசியாய்க் கண்டது நீங்கள்தானாம். எப்பிடி இருந்தவர்?"

சொல்லத் தொடங்கினேன். அகலமான நெற்றி. நடுவில் சேருகிற புருவம். மேல் உதடு கொஞ்சம் தூக்கல். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். பாதியில்தான் எனக்குத் தெரிந்தது, நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு மூச்சு நேர முகம் என்னிடம் இல்லை. எந்த வருடம் நினைவிலிருந்து போனதென்றும் தெரியாது. சோதனை போட்டது நான்தான் என்பதையாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

பிள்ளை சந்தோசமாக எழும்பிக் கடல் பார்க்கப் படகின் முன்பக்கம் போனாள். அக்கா எனக்குக் கிட்ட வந்து குனிந்தார்.

"தம்பி, அவர் அப்ப மீசை வைச்சிருந்தவரே? எவ்வளவு யோசிச்சும் எனக்கு வருகுதில்லை."

"மெல்லிய மீசை, அக்கா" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "ஓம்" என்றார். "மெல்லிய மீசைதான்."